தங்கச்சியின் பல்

நவம்பர் 12, இரவு.

தங்கச்சி செத்த முப்பத்தோராம் நாள் பூசை ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் வைக்கிற படத்தை நானே வரைந்தேன். ஓவியக் கல்லூரியில் பழக்கியபடி ஒளியை ஒரே பக்கத்திலிருந்து விழவிட்டேன். முகத்தின் விளிம்புக் கோட்டைப் பளிங்குச் சிலைக்குப் போல எங்கும் உடையாமல் இழுத்தேன். குறையை நீக்கினால்தான் அழகு என்று படிப்பித்தார்கள். நீக்கினேன். மூக்கு நேரானது. துருத்திய பல் உதட்டுக்குள் போனது.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் இத்தாலிய முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டு வேலை முடித்து வந்த அம்மா, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் படத்தின் முன் நின்றாள்.

“நல்ல வடிவாக் கீறியிருக்கிறாய், மோனை. ஆனால் ஆர் இது?”

“தங்கச்சிதானம்மா.”

“அவளின்ர பல் எங்கை?”

அம்மா திரும்பிக் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள்.

பல்லைத் திரும்ப வரைய இருந்தேன். போனில் தேடினேன். எல்லாப் படத்திலும் வாயை இறுக்கி மூடியிருக்கிறாள். அந்தப் பல்லை நினைத்து அவளுக்கு அவ்வளவு வெட்கம். கண்ணை மூடிப் பார்த்தேன். நான் திருத்திய முகம்தான் வருகிறது.

இடப்பக்கமா, வலப்பக்கமா?

அம்மா பக்கத்து அறையில் இன்னும் விழித்துத்தான் இருக்கிறாள். கேட்கலாம். கேட்டால், எனக்கு மறந்துவிட்டதென்று அவளுக்குத் தெரிந்துவிடும்.