லெதாய் பிறந்த வருடம்

கியோஸ் தீவு, கிரீஸ்,
20 ஜனவரி 2026

அன்புள்ள பந்தெலிஸுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் எஞ்சின் அறையும் நலமாக இருக்க வேண்டும். நம் பெண் மாரு கணக்குத் தேர்வில் எப்படியோ கரையேறிவிட்டாள். தோட்டத்து மாண்டரின் பழங்களைப் பறிக்க நான் வரவில்லை என்று உன் அக்கா மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

அலுவலகத்தில் ஒரு விஷயம். தொலைபேசியில் சொன்னால் நீ உடனே ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவாய், எனக்கு அது வேண்டாம். அதனால்தான் கடிதம்.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். அடைக்கலம் கேட்டு வருபவர்களை விசாரிக்க நம் அரசிடம் ஆள் போதவில்லை. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடைக்கல முகமை எங்களை அனுப்பியிருக்கிறது. கேட்பதும் கருத்து எழுதுவதும் நாங்கள். முடிவும் கையெழுத்தும் அரசு அதிகாரியுடையவை. எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று உன்னிடமே பெருமையடித்திருக்கிறேன்.

நவம்பரில் எத்தியோப்பியாவிலிருந்து லெதாய் என்ற பெண் தனியாக வந்தாள். அண்ணன் ஹாம்பர்க்கில் இருக்கிறான். பதினெட்டு ஆகாதவள் என்றால் அவனோடு சேர அவளை ஏற்றுக்கொள்ளச் சொல்லி ஜெர்மனிக்கு எழுதலாம். அதற்கு மூன்று மாதம் கெடு. தனக்குப் பதினேழு என்றாள். பிறந்தது 2000, மார்ச் என்றும் சொன்னாள். நான் கூட்டிப் பார்த்து, இருபத்தைந்து, முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாள், நம்பத்தக்கதல்ல என்று எழுதினேன். அவளைப் பெரியவர்கள் கூடாரத்தில் போட்டார்கள்.

நேற்று அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழ் வந்தது. மொழிபெயர்ப்பாளர் கெப்ரு, நீ பார்த்திருக்கிறாய், ஏதென்ஸில் காபிக்கடை வைத்திருந்தவர், அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஃபோதினி அம்மா, எங்க நாட்டுல இப்பதான் 2018 நடக்குது. நீங்க எங்களவிட எட்டு வருஷம் முன்னாடி ஓடிட்டீங்க. இந்தப் பொண்ணுக்குப் பதினேழுதான்!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

அவர்கள் பஞ்சாங்கம் வேறு என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள், பந்தெலிஸ். குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அன்று இரண்டு படகு வந்திருந்தது என்பதெல்லாம் சாக்கு.

லெதாய் கோபப்படவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன். நீங்க பேப்பரத்தான் பாத்தீங்க, என்னப் பாக்கல" என்றாள். அவ்வளவுதான்.

பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் குழுத் தலைவர் ரைமோ, "கணினித் தவறுன்னு போட்டுக்கலாமே, மாசக் கடைசில உன் ஒப்பந்தம் புதுப்பிக்கணும்ல" என்றார். நல்ல மனிதர், நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் கணினி என்று எழுதினால், அவள் முரணாகப் பேசினாள் என்ற என் வரி கோப்பில் அப்படியே கிடக்கும். அதை நானே அடித்தாக வேண்டும். இனி ஜெர்மனிக்கு எழுத ஏதென்ஸ் அதிகாரி கையெழுத்திட வேண்டும். கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வேலை போனால் நீ இன்னொரு பயணம் போக நேரலாம். மன்னித்துக்கொள்.

ஒன்றே ஒன்று செய். கப்பலில் புனித நிக்கோலாஸ் படத்தின் முன் மாருவுக்காக வேண்டுவாய் அல்லவா, லெதாயின் பெயரையும் சேர்த்துக்கொள். அவளுக்கும் மாருவின் வயதுதான். நான் எழுதியது இருபத்தைந்து. நீ அவரிடம் பதினேழு என்றே சொல்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும்.

உன்,
ஃபோதினி