சிவராசாவின் பங்கு

கண்டல்திட்டு,
முல்லைத்தீவு.
23.08.1987

அன்புள்ள மகள் கமலாசனிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிர் நாட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வற்றாப்பளை அம்மாளை நேர்ந்துகொண்டு எழுதுகிறேன். நானும் அம்மாவும் அண்ணி இரஞ்சிதமும் உடம்பால் சுகம். சண்டை முடிந்ததை ஊர் எப்படிக் கொண்டாடியது என்று கேட்டிருந்தாய். சுற்றிவரத் தண்ணீர் கிடக்கிற நமது திட்டுக்குச் செய்தி வந்து சேர்ந்ததே பிந்தித்தான். ரேடியோவில் கேட்டும் நம்பாத சனம், தோணிக்காரன் வந்து டவுனில் வெடி கொளுத்துகிறார்கள் என்று சொன்ன பிறகுதான் நம்பியது. நாங்கள் வெடிக்கு எங்கே போவது, பெடியள் தகரப் பீப்பாயை அடித்தே காதைச் செவிடாக்கிவிட்டார்கள். கோயிலில் பொங்கினோம். வளவில் வெட்டிய பதுங்கு குழியை நானே மூடி அதில் இரண்டு வாழைக்குட்டி வைத்திருக்கிறேன். முதுகு இன்னும் நோகிறது.

அந்தக் கிழமையே ஆமி பிடித்துத் தடுப்பு முகாம்களில் வைத்திருந்தவர்களையும் விடத் தொடங்கினார்கள். ஏரம்புவின் மகன் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினான். அம்மா சோற்றுக் கோப்பையோடு ஓடிப்போய் அவன் பக்கத்தில் இருந்துகொண்டு, அண்ணாவைக் கண்டாயா என்று கேட்டாள். அண்ணாவை வவுனியா பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டுபோன அதே நாளில்தான் அவனையும் பிடித்தார்கள். அவன் சாப்பிடாமல் கையை உதறிவிட்டு, முதல்நாளே தங்களைப் பிரித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு எந்த முகாமிலும் சிவராசா அண்ணையைக் காணவில்லை, நமது பக்கத்து ஆட்கள் இனி உள்ளே ஒருவரும் இல்லை என்றான். சண்டை நடக்கும் மட்டும் எங்கோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம் பிள்ளை. கதவுகளைத் திறந்துவிட்டார்கள், இனி என்ன சொல்வது. அண்ணி எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டாள்.

பிறகுதான் கரைவலை இழுத்தோம். மீன்பிடிக்க விடாமல் ஆமி கடலை மூடிவைத்திருந்த காலமெல்லாம் அப்புத்துரைச் சம்மாட்டியின் வலை கரையில் அவரது வாடிக் கொட்டிலுக்குள் எலிக்குத்தான் உதவியது. அதை ஓட்டை பொத்தி எடுத்துக் கடலில் விட்டோம், இதுதான் எங்கள் கொண்டாட்டம். ஒரு நாளும் கயிறு தொடாத பெண்களும் வந்து பிடித்தார்கள். வலை மடி நிறையச் சூடையும் பாரையும், கிழவர்கள் கூட மணலில் ஆடினார்கள், நானும் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது. மீன் பங்கிடுகிற முறை உனக்குத் தெரியும்தானே. முதலில் புருசனை இழந்தவர்களின் கடகத்தில் ஒவ்வோர் அள்ளு, அதன் பிறகுதான் வலைகாரருக்கு மணலில் பங்கு. நோயாளியோ மறியலில் அடைபட்டுக் கிடக்கிறவனோ, உயிரோடு இருந்தால் அவனுக்கும் ஒரு குவியல் உண்டு. அண்ணாவைப் பிடித்த பிறகு ஊரில் வலை இழுக்கவே இல்லை, அதனால் அவனை இருக்கிறவனாக எண்ணுவதா இல்லாதவனாக எண்ணுவதா என்று யாரும் கேட்க வேண்டி வரவில்லை. அப்புத்துரை மெல்ல வந்து, "அண்ணை, சிவராசாவுக்கும் வைக்கிறன், என்ன?" என்று கேட்டார். நான் குனிந்து கயிற்றைச் சுற்றத் தொடங்கினேன். அதற்குள் அண்ணி கடகத்தை எடுத்துக்கொண்டு போய் விதவைகளோடு நின்றுவிட்டாள். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. தகரம் அடித்த பெடியளும் நிறுத்திவிட்டார்கள். அப்புத்துரை அவளுக்கும் அள்ளிப் போட்டார். போட்டுவிட்டு, மனம் கேட்காமல் அண்ணாவின் பெயருக்கும் ஒரு குவியல் வைத்தார். அதை ஒருவரும் தொடவில்லை. பொழுதுபடும் நேரம் அம்மா போய்ச் சேலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

அன்றிரவு குசினியில் இரண்டு அடுப்பில் இரண்டு சட்டி. ஒன்றில் அண்ணி தன் மீனை வைத்தாள். மற்றதில் அம்மா அண்ணாவுக்குப் பிடித்த மாதிரிப் புளி தூக்கலாகக் காய்ச்சினாள். "என்ரை பிள்ளையை ஏன் சாகடிச்சனீ?" என்று அம்மா ஒருதரம் கேட்டாள். "மாமி, எனக்கு இனி ஏலாது" என்று மட்டும் அண்ணி சொன்னாள். சோற்றைப் போட்டு இரண்டு சட்டியையும் என் முன்னால் வைத்துவிட்டு இருவரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது என்று சொல்லி எழும்பிவிட்டேன். அன்றைக்குத் தங்களுக்குள் நிறுத்திய கதைபேச்சை அவர்கள் இன்னும் தொடங்கவில்லை, ஒரே வீட்டில் இரண்டு உலை கொதிக்கிறது. அண்ணிக்கு இருபத்தாறு வயதுதான், அவளையும் நான் நினைக்க வேண்டும். அவள் செய்தது சரியென்றுதான் என் புத்தி சொல்கிறது. அதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

சின்னவளைக் குளிரில் வெளியே விடாதே, அவளோடு தமிழிலேயே கதை. மருமகனைக் குடியைக் குறைக்கச் சொன்னேன் என்று சொல், கோபித்தால் கோபிக்கட்டும். அம்மாளின் துணை உங்கள் மூவருக்கும் என்றைக்கும் இருக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மாவுக்கும் அண்ணிக்கும் வேறு வேறாக எழுதாமல் ஒரே கடிதமாக எழுது. வழக்கம்போல நான்தான் இரண்டு பேரையும் இருத்தி வாசிப்பேன். அண்ணா இல்லை என்று நீ எழுதினால், வாசிக்கிற சாட்டில் அந்தச் சொல் என் வாயாலும் ஒருதரம் வந்துவிடும்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அப்பா
அ. கனகலிங்கம்