பியானோவின் மூடி

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒத்திகையின்போது, என்னோடு வாசிக்கும் பியானோக்காரனிடம் "உனக்குக் காது இருக்கா?" என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெருமையாவது எனக்கு இருக்கட்டும். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

மேண்டலினும் பியானோவும் வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் கன்செர்ட்டோதான் இந்த இசைக் கல்லூரியில் எங்கள் இருவருக்கும் இறுதித் தேர்வு. பியானோவின் மூடியை முழுக்கத் திறந்துவைத்து அவன் வாசித்தால், என் மேண்டலின் முதல் வரிசைக்கே கேட்காது. பாதி இறக்கச் சொன்னேன்.

"உன் கொசு ரீங்காரத்துக்காக என் பியானோவுக்கு முக்காடு போடணுமா?" என்றான். வாத்தியக் குழுவே சிரித்தது.

தேர்வன்று மேடையேறியதும் நானே மூடியை இறக்கினேன். அவன் ஏற்றினான். மறுபடியும் இறக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கையை எடு. நசுங்கிடும்."

"நசுங்கட்டும். அப்ப நான் கத்துறதாவது கேக்கும்ல?"

கவலைப்படாதீர்கள், விரல்கள் பத்திரம். மேண்டலின் தந்தி இரண்டு செட் அனுப்புங்கள். உங்கள் மப்ளரையும் அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். குளிரெல்லாம் இல்லை, சும்மாதான். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

தேர்வாளர்கள் எங்களை வாசிக்கவே விடவில்லை. இருவருக்கும் தேர்ச்சி இல்லை. ஆறு மாதம் கழித்து அதே கன்செர்ட்டோவை அவனோடுதான் வாசிக்க வேண்டுமாம்.

உங்கள் மகள்