வில்வண்டிக்குக் காத்திருந்த நான்கு நாள்

சின்னமனூர்
1893-ஆம் வருஷம் வைகாசி மாதம் 16-ந் தேதி

சேசு மரி சூசை துணை.

கண்டியிலே தோட்டக் கணக்குப்பிள்ளையாக இருக்கிற என் மகன் அமிர்தராஜுக்கு ஐயா பங்கிராஸ் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அம்மாவும் தங்கச்சி ஜெயமேரியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், உன்னையும் அந்த மலைக்காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். இதை நின்றுகொண்டு வாசிக்காதே, உட்கார். நம் வண்டிக்காரன் சின்னக்கருப்பு செத்துப்போனான். அவன் அண்ணன் ஒச்சாண்டி உன் தோட்டத்திலேயே இருக்கிறபடியால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் அழகுமலை ஆசாரியிடம் புது வில்வண்டி செய்ததைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பாய்க்கூண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும், தகரம் போட்டால் பத்து வருஷம் நிற்கும் என்று யோசித்துத் தகரக்கூரை போடச் சொன்னவன் நான்தான். சின்னக்கருப்பு மாத்திரம், ஏன் மொதலாளி, மாட்டுத் தலைக்கு மேல கொட்டு கட்டித் தொங்கவிட்ட மாதிரியில்ல இருக்கு என்று சிரித்தான். சித்திரைக் கடைசிச் செவ்வாய்க்கிழமை பெரியகுளத்திலிருந்து திரும்பி வருகையில், வீரபாண்டி தாண்டினதும் ஆலங்கட்டி மழை பிடித்தது. ஒவ்வொன்றும் எலுமிச்சங்காய் பருமன். தகரத்தில் விழுந்த சத்தத்தில் உள்ளே இருந்த எனக்கே காது அடைத்துப்போயிற்று, மாடுகள் என்ன செய்யும், தறிகெட்டு ஓடி வண்டியைப் பள்ளத்தில் சாய்த்துவிட்டன. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சின்னக்கருப்பின் கால்மேல் சக்கரம் ஏறி எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது.

எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, இது எனக்கு அடங்காது, மதுரைக்குக் கொண்டுபோங்க என்றார். பாரவண்டியில் ஏற்றிப் பார்த்தோம், தெருமுனை போகிறதற்குள் அலறி மூர்ச்சையாகிவிட்டான். கட்டிலில் சுமக்கலாம் என்றால் திடமான ஆளெல்லாம் பெரியாற்று அணைவேலைக்குப் போய்விட்டார்கள். குலுங்காமல் போக வில்வண்டி ஒன்றுதான், அதுவோ ஏர்க்கால் முறிந்து, இரண்டு ஆரக்கால் தெறித்து, தகரமெல்லாம் அம்மை வார்த்த முகம்போலக் கிடந்தது. நம் ஊர்க் கோட்டைச்சாமி ஆசாரி பார்த்துவிட்டு, ஒரு நாள்ல ஓடுறதுக்குப் பண்ணித் தாரேன், அழகு மட்டும் கேக்காதீக என்றார். இங்கேதான் நான் கெட்டேன். ஒரு வருஷத்துக்குள் எது உடைந்தாலும் தன் கூலியிலேயே செய்து தருவதாக அழகுமலை ஆசாரி சொல்லியிருந்தார், ஆனால் வேறு ஆசாரியின் உளி பட்டால் அந்தப் பேச்சு இல்லை என்பது அவர்களுக்குள் வழக்கம். இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று திண்டுக்கல்லுக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். புதன், வியாழன், வெள்ளி போயிற்று, ஆசாரி வரவில்லை. சனிக்கிழமை சின்னக்கருப்பின் பெண்சாதி இருளம்மாள் கடைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடியே, வெரலு கறுத்துப்போச்சு, வண்டிக்கு வர்ணம் காஞ்சிருச்சா என்று கேட்டாள். கடையில் ஏலக்காய் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அன்றைக்கே கோட்டைச்சாமியைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து வேலை வாங்கினேன். தகரத்தைத் தட்டி நிமிர்த்தட்டுமா என்றார், பிய்த்துப் போடும் என்றேன்.

திங்கட்கிழமை கிளம்பிப் புதன்கிழமை மதுரை சேர்ந்தோம். உசிலம்பட்டிவரைக்கும் பேசிக்கொண்டுதான் வந்தான், மாட்டை அடிக்காதீக, அதுக மேல தப்பு இல்ல என்று ஓட்டுகிறவனிடம் சொன்னான். டாக்டர் துரை காலை எடுத்தார். மூன்று நாள் முந்தி வந்திருந்தால் முழங்காலோடு போயிருக்கும், இப்போது விஷம் மேலே ஏறிவிட்டது என்று கம்பவுண்டர் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் உயிர் போயிற்று. அங்கேயே வைகைக்கரையில் எரித்தோம். திரும்புகாலில் இருளம்மாள் வண்டியில் ஏறமாட்டேன் என்று நடந்தாள். நான் மாத்திரம் எப்படி உட்காருவேன், பின்னாலேயே நடந்தேன். ஆண்டிபட்டியில் தண்ணீர் குடிக்க நின்றபோது, ஒச்சாண்டி மச்சானுக்கு எழுதிப் போடுங்க, ஆனா இருந்தது இருந்தபடி எழுதுங்க என்றாள்.

ஆகையால் ஒச்சாண்டியைத் தனியே கூப்பிட்டு இதை முழுக்க வாசித்துக் காட்டு. ஊரிலிருந்து வருகிற வேறு யாராவது சொல்லி அவன் கேட்கக் கூடாது. ஆலங்கட்டி மழையில் வண்டி கவிழ்ந்து செத்தான் என்று சுருக்கிவிடாதே, உன் அம்மா அப்படித்தான் எழுதச் சொன்னாள், நான் கேட்கவில்லை. அவன் ஏசினால் எதிர்ப்பேச்சுப் பேசாதே, அது எனக்கு வரவேண்டியது, உன் காதால் கேட்டு எனக்கு அப்படியே எழுது. அவன் ஊருக்கு வர விரும்பினால் கப்பல்செலவு என்னுடையது. வந்து என்னை நாலு பேர் நடுவில் கேட்கட்டும், கடையில்தான் இருப்பேன், எங்கேயும் போகமாட்டேன்.

நீ ஈரத்துணியோடு படுக்காதே, அட்டை கடித்த இடத்தைச் சொறியாதே. உன்கீழ் வேலை செய்கிற ஆளுக்குக் காயம் என்றால் வேலை முடியட்டும் என்று பார்க்காதே. தேவமாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

கடிதம் கைக்கு வந்த அன்றே ஒச்சாண்டியிடம் போ.

உன் ஐயா
மு. பங்கிராஸ்