இருபது கிலோ மூட்டை

என் செல்ல மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம், அப்பாவின் இருமல்கூட விட்டுவிட்டது, நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "போதும் விடு" என்று கையை ஆட்டுவார், அதனால்தான் கடிதம்.

போன வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை மூட்டை என் கை நழுவி விழுந்ததே, அதில் பாதியைத்தான் உன்னிடம் சொன்னேன். எங்கள் சூப்பர்வைசர், விசில் என்று கூப்பிடுவோமே அவன்தான், பதினாறு பேர் முன்னால் "இந்தக் கிழவிக்கு இனி மெஷின் பக்கம் வேலை இல்ல, ஓரமா உக்காந்து தலையணை உறை மடிக்கட்டும்" என்றான். இருபது கிலோ மூட்டையைத் தரையிலிருந்து மேஜைக்குப் பத்து முறை தூக்கினால்தான் மெஷின் வேலை என்று எங்கிருந்தோ ஒரு பழைய விதியைத் தேடி எடுத்து, அப்போதே தூக்கச் சொன்னான். மூன்றாவதில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். அவன் சிரித்தான், அவனுக்குப் பயந்து மற்றவர்களும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருஷம் நான் நின்ற இடத்தில் மறுநாள் அவன் மச்சான் நின்றான். நான் அழவில்லை. உன்னை விடமாட்டேன்டா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உறை மடித்தேன்.

ஆஸ்பத்திரி மாடியில் இருக்கும் பிசியோதெரபி பெண்ணிடம் போய், ஐம்பத்தாறு வயசில் உடம்பில் பலம் ஏறுமா என்று கேட்டேன். "எந்த வயசுலயும் ஏறும்மா, அவசரப்பட்டாதான் முதுகு போயிடும்" என்றாள். முதல் மாதம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததுதான். பிறகு முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிவது, சுமையை உடம்போடு ஒட்டித் தூக்குவது. ஐந்து கிலோவில் ஆரம்பித்து, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் கொஞ்சம் கூட்டினோம். வாரத்தில் மூன்று நாள்தான், நடுவில் ஓய்வு. தசை வளர்வதே அந்த ஓய்வில்தானாம். முட்டையும் பருப்பும் கூடுதலாகச் சாப்பிட்டேன். சோம்பல் வந்த நாளெல்லாம் விசிலின் முகத்தை நினைத்துக்கொள்வேன், கால் தானாக மடங்கும்.

ஒன்பது மாதம் கழித்து, மறுபடி சோதனை வையுங்கள் என்று மேனேஜர் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். கூடவே அந்த விதியின் இரண்டாவது வரியையும் எழுதினேன், சூப்பர்வைசர் உட்பட மெஷின் கூடத்தில் நிற்கிற எல்லாருக்கும் இது பொருந்தும் என்ற வரியை. விசில் அதுவரை அதைப் படித்ததே இல்லை. மேனேஜர் அம்மா நேரில் வந்து நின்றார். நான் பத்து தூக்கினேன், ஆசைக்கு இன்னும் இரண்டு. மச்சான் ஏழில் விட்டான். விசில் நான்காவதில் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், சத்தமாகவே.

என் இடம் எனக்கு வந்துவிட்டது. இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் வேலைக்கு முன்னால் அரை மணி நேரம் எல்லாருக்கும் நான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது மேனேஜர் அம்மாவின் உத்தரவு. முதுகு தேறியதும் விசிலும் வந்தான். முன்வரிசையில் நிறுத்தி, நாற்காலியில் இருபது முறை உட்கார்ந்து எழச் சொன்னேன். பத்தோடு நின்று, "மன்னிச்சிருங்கக்கா" என்றான் மெதுவாக. நான் "பதினொண்ணு" என்றேன்.

மன்னித்துவிடு என்கிறார் அப்பா. இரக்கம் வரும் என்று நானும் காத்திருந்து பார்த்தேன், வரவில்லையடி, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஆனால் தப்பாக எதையும் சொல்லித்தரவில்லை. அவன் முதுகு என் கையால்தான் நிமிரப்போகிறது, ஒவ்வொரு செவ்வாயும் அது அவனுக்குத் தெரியட்டும்.

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்காதே, மணிக்கொரு தரம் எழுந்து நட. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு, அப்பாவிடம் மூச்சு விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா