ஜமக்காளக் கடலில் மூன்று குண்டுகள்

நேற்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு மூட்டை வந்தது. அவிழ்ப்பதற்கு முன்பே லேத் ஆயில் வாடை அடித்தது. நீங்கள்தான் வந்துவிட்டீர்களோ என்று ஒரு கணம் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். செத்து இருபது நாள் ஆனவருக்கு விறைத்துக்கொள்ளும் அளவுக்கு உங்கள்மேல் எனக்கு மரியாதை. கோபம் என்றும் அதைச் சொல்லலாம்.

உள்ளே நம் கடல் இருந்தது. நீலமும் பச்சையுமாகக் கோடு போட்ட பவானி ஜமக்காளம். அதற்குள் சுருட்டி, கணபதி ஏரியாவில் உங்கள் லேத் பட்டறையில் நீங்களே பித்தளையில் கடைந்த போர்க்கப்பல்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளத்தில். எம்டனின் புகைபோக்கி ஒன்று உடைந்திருக்கிறது. அதற்கும் என்னைச் சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் எங்கே போகிறேன் என்பதை என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொன்னதே இல்லை. சீட்டாடப் போயிருக்கிறார் என்பாள். அது அவளுக்குக் கௌரவமாக இருந்தது. வேறென்ன சொல்வாள்? தொப்பை வைத்த இரண்டு பேர் ஜமக்காளத்தில் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணை மூடி, எதிரிக் கப்பல் எத்தனை இஞ்சு தள்ளி நிற்கிறது என்று கண்ணளவில் சொல்ல வேண்டும். சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் நம் நண்பர் டேப் பிடித்து அளப்பார். சொன்னது சரியென்றால் குண்டு பட்டது. தப்பென்றால் தண்ணீரில் விழுந்தது.

லேத்தில் நின்று பழகிய கண் உங்களுக்கு. எனக்கு, தெருமுனையில் வருவது பஸ்ஸா லாரியா என்பதே பக்கத்தில் வந்தால்தான் தெரியும். "ஏனுங்க எழுத்தாளரே, இன்னைக்கும் மீனைத்தான் சுட்டுப்போட்டீங்க" என்பீர்கள், காப்பியை ஊதிக்கொண்டே.

முதல் உலகப் போரில் சென்னையில் குண்டு போட்டுவிட்டுத் தப்பிய ஜெர்மன் கப்பல் எம்டனைக் கோகோஸ் தீவருகே மடக்கியது சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல். அந்தச் சண்டையை ஆடும்போதெல்லாம் சிட்னி உங்களுக்கு, எம்டன் எனக்கு. கெட்டிக்காரனைத்தான் நம்ம பக்கம் எம்டன் என்பார்கள், அது உங்களுக்குத்தான் பொருத்தம் என்று ஐஸ் வேறு வைத்தீர்கள். சிட்னியின் பீரங்கி பெரிது என்பதே மூன்று மாதம் தோற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எட்டு வருடத்துக்கு முன்பு அந்த ஒரு ஞாயிறு. இருபத்தொன்று என்றேன், பட்டது. பதினெட்டு என்றேன், பட்டது. பதினைந்து என்றேன். சோமனூர்க்காரர் டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்து, சிட்னி முழுகியது என்றார். நான் எழுந்து நின்றேன். வாழ்நாளில் முதல் வெற்றி. வேட்டி நழுவியதுகூடத் தெரியவில்லை. நீங்கள் படுத்த இடத்திலிருந்து எழாமலே சொன்னீர்கள்:

"இருவத்தொண்ணு, பதினெட்டு, பதினஞ்சு. மூணு மூணா எறங்குதுங்களே. இந்தக் கோடு ஒவ்வொண்ணும் மூணு இஞ்சு, நாந்தான் சொல்லி நெய்ய வெச்சேன். நீங்க கண்ணளவு சொல்லலீங்க, கோட்டை எண்றீங்க."

நகைச்சுவை எழுதுகிறவன் என்று பேர். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத்தான் தெரிந்தது. ஹோப் காலேஜ் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் பதில் வந்தது: கோட்டின் அளவு தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே, அப்படியானால் இத்தனை வருடம் எண்ணியது யார்? பச்சை விழுந்தும் நகராமல் அங்கேயே உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் பஸ்காரர் என்னைத் திட்டினார். திரும்பி வந்து உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அதன்பிறகு உங்கள் வீட்டுப்படி மிதிக்கவும் இல்லை. ஆனால் பார்த்தவர்களிடமெல்லாம் கோட்டை எண்ணுகிறவர் நீங்கள்தான் என்று சொல்லிவைத்தேன். அந்த வேலையை நான் சுறுசுறுப்பாகச் செய்வேன், உங்களுக்குத் தெரியும்.

நீங்களும் லேசுப்பட்டவரில்லை. இரண்டு வருடம் கழித்துக் கிணத்துக்கடவுக் கல்யாணத்தில், எனக்கு எதிர்ப்பந்தியில் உட்கார்ந்து, அப்பளம் வைத்தவரிடம் எனக்குக் கேட்கிற மாதிரி, "அவருக்கு எண்ணி வைங்க, எண்ணிப் பாக்குற ஆளு" என்றீர்கள். வரிசையே சிரித்தது. அன்றைக்குப் பாயசம் சாப்பிடாமல் எழுந்தவன் நான். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் நேற்று ஜமக்காளத்தை விரித்ததும் மனைவியின் தையல் டேப்பைத் தேடினேன். உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். நீங்கள் இல்லாவிட்டால் என்ன. முதல் கோடு மூன்று இஞ்சு. அடுத்தது இரண்டே முக்கால். அதற்கடுத்தது மூன்றேகால். இருபத்தொன்று வர வேண்டிய ஏழு கோடு சேர்ந்து இருபதுகூட வரவில்லை. கோட்டை எண்ணிச் சுட்டிருந்தால் என் குண்டு தண்ணீரில்தான் விழுந்திருக்கும். ஆக, நான் எண்ணவில்லை. நீங்களும் எண்ணியிருக்க முடியாது என்று அடுத்த நிமிடம் புரிந்தபோது ஜமக்காளத்தை ஓர் உதை விட்டேன். எட்டு வருடமாக ஊரெல்லாம் நான் சொன்னது பொய்.

சோமனூர்க்காரருக்குப் போன் போட்டேன்.

"கைத்தறிங்க அது. கோடெல்லாம் ஒரே அளவா வர்றதுக்கு மெசினுங்களா?" என்றார். "நீங்க கோவிச்சுட்டுப் போன அடுத்த வாரமே அவருகிட்டச் சொன்னனுங்க. உக்காந்து பூராக் கோட்டையும் அளந்து பாத்தாரு. எழுத்தாளரு தப்புப் பண்ணலைன்னு அவரு வாயாலயே சொன்னாருங்க. போன் பண்ணிச் சொல்லுங்கன்னேன். எழுத்தாளரே வரட்டும்னுட்டாரு. உங்ககிட்ட மூச்சு உடக்கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வேற."

அடுத்த வாரமே. அப்பளத்தை எண்ணி வைக்கச் சொன்னபோது உங்களுக்கு உண்மை தெரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சாயங்காலம் உங்கள் வீட்டம்மா கூப்பிட்டார். மூட்டை வந்ததா என்று கேட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று முறை என் பேரைச் சொன்னீர்களாம், எதற்கென்று சொல்லவில்லையாம். அந்த நேரத்திலும் முழுதாகச் சொல்லித் தொலைக்கவில்லை, பாருங்கள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஏனுங்ணா, அவரு மேல உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லீங்களே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அம்மணி" என்றேன்.

உங்கள் வீட்டோடு நான் ஆடிய ஒரே கள்ள ஆட்டம் அதுதான். வருத்தம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. வைத்துவிட்டால், இனி உங்களோடு பேச எனக்கு வேறு ஒன்றும் இல்லை.