வாசலில் ஒட்டிய தாள்

செப்டம்பர் 9

பள்ளி திறக்க ஆறு நாள். எழுத வேண்டியவற்றை வழக்கம்போல் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. வகுப்பறைகள், தண்ணீர்த் தொட்டி.
2. முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகள், பெற்றோர்.
3. இப்திஹால் பள்ளிக்குத் திரும்புவாளா என்பது.
4. போன டிசம்பரில் நான் விதிப்படிதான் நடந்தேன். அவள் வீட்டிலிருந்துதான் யாரும் வரவில்லை.
5. தலைமையாசிரியராக என் கடைசி ஆண்டு இது.

நான்காவதை எழுதும்போது பேனா நின்றது. ஏன்? உண்மையைத்தானே எழுதுகிறேன்.

செப்டம்பர் 10

தொட்டியில் செத்த புறா. காவலாளி லஸ்ஹர் கம்பியால் தூக்கிக் காட்டினான். "புறா இல்லீங்க ஐயா, மேலதிகாரி. ஆய்வுக்கு வந்தவரு உள்ளயே தங்கிட்டாரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன ஆண்டு இந்தத் தண்ணீரைத்தானே பிள்ளைகள் குடித்தார்கள்?

செப்டம்பர் 11

பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஐந்தாம் வகுப்பு, இப்திஹால். டிசம்பரிலிருந்து ஜூன் வரை வரவில்லை என்பதற்கான சிறு கோடுகள். எல்லாம் நான் போட்டவை, அளவுகோல் வைத்து.

போன டிசம்பரில் ஒலிவக் காய் பறிக்கப் போய் ஒன்பது நாள் வரவில்லை. பத்தாம் நாள் வந்தாள், விரல்கள் கறுத்து. விடுப்பெடுத்த பிள்ளை நுழைவுச் சீட்டு இல்லாமல் வகுப்பில் உட்காரக் கூடாது. "போய் அப்பாவக் கூட்டிட்டு வா" என்றேன். குரலை உயர்த்தவில்லை. "சரிங்க ஐயா" என்று பையை எடுத்துக்கொண்டு போனாள். தகப்பன் தொலைவில், சூஸ் நகரில் கட்டட வேலையில் இருப்பது எனக்குத் தெரியும்.

இன்னும் வயது இருக்கிறது. ஐந்தாம் வகுப்பையே மறுபடி படிக்கலாம். முப்பதாம் தேதிக்குள் வராவிட்டால் பதிவேட்டில் அவள் பெயரை நான் அடித்துவிட வேண்டும்.

அவள் வீடு மேட்டில், நாற்பது நிமிட நடை. வசந்தத்தில் ஒருமுறை கிளம்பினேன். கள்ளி வேலியருகே நாய் குரைத்தது, திரும்பிவிட்டேன். நாய்தானா காரணம்?

செப்டம்பர் 13

ஆசிரியை வஸீலா பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். "ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாமே ஐயா."

"விதி இருக்கேம்மா."

"இருக்கு" என்றாள். பதிவேட்டை மூடிவிட்டுப் போனாள். இன்னும் பேசியிருக்கலாம்.

செப்டம்பர் 14

சட்டையைத் தேய்த்தேன். இரண்டு முறை.

செப்டம்பர் 15

முதல் நாள். தாய்மார்கள் கிண்ணங்களில் பிஸீஸாவோடு வந்தார்கள். ஒலிவ எண்ணெயில் பிசைந்த வறுத்த மாவின் மணம் முற்றமெங்கும். முதல் வகுப்புக்குப் பதினொரு பிள்ளைகள். ஒன்பது பேர் அழுதார்கள்.

கடைசியாக மப்ரூக்கா வந்தாள், இப்திஹாலின் தாய். கையைப் பிடித்தபடி சின்னவள் ரீம். கிண்ணத்தை நீட்டினாள். "சின்னவளுக்கு முதல் நாளு. ஒரு வாய் எடுத்துக்குங்க ஐயா."

எடுத்துக்கொண்டேன். "பெரியவ?"

"தலைநகர்ல ஒரு வீட்டுல வேலைக்கு இருக்கா. பாத்திரம் கழுவுறா, கைக்குழந்தையப் பாத்துக்கறா. பெருநாளுக்கு வருவா."

பதினொரு வயது.

"அன்னைக்கே யாராச்சும் வந்திருந்தா—" என்றேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "வந்தேனே. மூணு நாள் வாசல்ல நின்னோம், நானும் அவளும். நீங்க சன்னல் வழியாப் பாத்தீங்களே."

பார்த்தேனா? சிவப்புச் சால்வை ஒன்று நினைவிருக்கிறது. யாரோ வண்டிக்கு நிற்கிறார்கள் என்று—

"உள்ள வந்திருக்கலாமே."

"கதவுல தாள் ஒட்டியிருந்துச்சே. எனக்கு எழுத்து தெரியாது. அவதான் வாசிச்சுக் காட்டினா. 'நுழைவுச் சீட்டுக்குத் தகப்பனார் மட்டுமே வரவும்'னு. ஒரு எடத்துலயும் திக்கலைங்க ஐயா."

பெருமையாகத்தான் சொன்னாள். கோபமே இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

எல்லோரும் போன பிறகு நுழைவுச் சீட்டு பற்றிய துறைச் சுற்றறிக்கையைத் தேடி எடுத்தேன். 'பொறுப்பாளர்' என்றுதான் இருக்கிறது. 'தகப்பனார்' என் சொல். 'மட்டுமே' என் சொல். அதன் கீழ் இரண்டு கோடு, அளவுகோல் வைத்து. கதவிலிருந்த தாளைக் கிழித்தேன். பாதிதான் வந்தது. மீதியை நகத்தால் சுரண்டினேன்.

செப்டம்பர் 22

சூஸுக்குத் தொலைபேசியில் பேசினேன். நான் யார் என்று சொன்னதும் தகப்பன் சிரித்தான். "அப்பாவத்தானே கேட்டீங்க? இந்தா வந்துட்டேன், சொல்றேன். அவ வரமாட்டா ஐயா. அந்த வீட்டுக்கு வாக்குக் குடுத்தாச்சு."

நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றியாம்.

செப்டம்பர் 30

ரீமுக்கு நேற்றுக் காய்ச்சல். இன்று மப்ரூக்கா நேரே என் மேசைக்கு வந்தாள். எதுவும் கேட்காமல் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதை மகளிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்கு, வாசி" என்றாள். ரீமுக்கு இன்னும் எழுத்து வரவில்லை. நானே வாசித்துக் காட்டினேன்.

மாலையில் இப்திஹாலின் பெயரை அடித்தேன். அளவுகோலை எடுக்கவில்லை. கோடு கோணலாகப் போயிற்று.

ஒன்பதாம் தேதிப் பட்டியலில் நான்காவது தவறு. அவள் வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். மூன்று நாள்.